கொட்டகைக்கு வெளியே மூட்டிய நெருப்பு

அப்பா இறந்த அன்று விடிந்ததிலிருந்தே மழை. ஐப்பசி மழைக்கு நேரங்காலம் ஏது? வாசலில் போட்டிருந்த சாமியானா தண்ணீரைச் சுமந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பதினோரு மணி வாக்கில் அவர் வந்தார். எங்கள் நிலத்தில் அப்பாவோடு நாற்பது வருடம் சேற்றில் நின்ற மனிதர். பறையடிப்பதை எப்போதோ விட்டுவிட்டவர், அன்று மட்டும் பழைய பறையை உரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார். உத்திரமேரூரிலிருந்து வந்த மேளக்காரப் பையன்களுக்குக் கவலையில்லை, அவர்களுடையது பிளாஸ்டிக். இவருடையது மாட்டுத்தோல். ஈரம் ஏறினால் தொய்ந்துபோகும். நெருப்பில் காட்டிக் காட்டி விறைக்க வைத்தால்தான் சத்தம் வரும்.

"நைனா, கொட்டகை ஓரமா கொஞ்சம் நெருப்பு மூட்டிக்கறேன். எங்க பெரியவர நானே பறையடிச்சி அனுப்பணும்" என்றார்.

மாட்டுக்கொட்டகையில் உறவுக்காரர்கள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், என் நாக்கு புரண்டுவிட்டது.

"வைக்கோல் கீது, பத்திக்கப் போவுது. வெளியவே மூட்டிக்க."

அப்பா வயது ஆளை 'மூட்டிக்க' என்றேன். அதே கொட்டகையில், அதே வைக்கோலுக்குப் பக்கத்தில், விறகடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சரி என்று போய்விட்டார். பெரியப்பாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் வாயையே திறக்கவில்லை. பேசியது நான்.

புங்க மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் நெருப்புக்குப் பிடித்தார். சைக்கிள் டயர் துண்டைக் கொளுத்தி, அதன்மேல் தென்னம் பன்னாடையை வைத்து ஊதினார். புகைதான் வந்தது. மறுபடி ஊதினார், இருமினார். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்துப் போய்க் கொடுத்திருக்கலாம். பத்தடி தூரம். நான் பெரிய வேலைக்காரன் மாதிரி நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. அவசரமாகப் பறையைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று அடிக்க, மரத்திலிருந்த தண்ணீரெல்லாம் மொத்தமாகக் கொட்டி நெருப்பு அணைந்தது.

"தூக்குங்கப்பா, நேரமாவுது" என்று பெரியப்பா குரல் கொடுத்தார்.

பையன்களின் மேளம் தெருவையே அதிர வைத்தது. அவர் அவர்களுக்குப் பின்னால் நடந்தபடி பறையை அடித்தார். ஈரச் சாக்கைத் தட்டுகிற மாதிரி பொத்துப் பொத்தென்று ஒரு சத்தம். "பெருசு, போதும் வுடு" என்று ஒருவன் சிரித்தான். அவர் விடவில்லை. ஏரிக்கரைச் சுடுகாடு வரைக்கும், யாருக்கும் கேட்காத அந்தப் பறையை அடித்துக்கொண்டே வந்தார்.

கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பினேன். பறையை மார்போடு அணைத்தபடி எதிரில் நின்றார். கண்கள் கலங்கியிருந்தன.

"சத்தமே வரல நைனா. மனசுல ஒண்ணும் வெச்சிக்காத."

"பரவால்ல, வுடு" என்றேன், அவரை மன்னித்தவன் போல.