வியாழக்கிழமை ஃபியூஸ்

சேக் தாவூது பாயை டன்லப் ஸ்ட்ரீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் விளக்கு அணைந்தால் மட்டும்தான் தேடுவார்கள். வயர்மேன் பிழைப்பு அப்படி. விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வீட்டில் அவருக்கு என்ன வேலை?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அவருக்கு ஐம்பது வயது. கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள் சேர்ந்து தங்கும் கிட்டங்கி ஒன்றில் பதினாறு ஆண்களோடு பாய் விரித்துப் படுத்தார். அவர்கள் அத்தனை பேரும் ஒரே ஊர். இவர் மட்டும் வேறு. அவர்கள் ஊர்க் கடிதத்தை உரக்கப் படித்துச் சிரிக்கும்போது இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். மனைவி இறந்த பிறகு இவருக்குக் கடிதம் போட ஆள் கிடையாது.

பஃபலோ ரோட்டில் எனக்குச் சாமான் கடை. பல்பு, வயர், ஆணி விற்பேன். பாய் வந்தால் லேசில் ஸ்டூலை விடமாட்டார். நான் வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ கொட்டுவேன். சாப்பிட்டீர்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை மட்டும் பாய் வேறு ஆள். துவைத்த சட்டை போட்டு, பிற்பகல் நாலு மணிக்கே கிட்டங்கி வாசலில் நிற்பார். சற்று நேரத்தில் ஆமினா பீவியின் பக்கத்துக் கடைக்காரர் வந்து, அந்த வீட்டில் கரண்ட் போய்விட்டது என்பார்.

ஆமினா பீவி கணவரை இழந்தவர். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவர்களின் சட்டையும் கைலியும் வியாழனன்று அங்கே இஸ்திரிக்கு வந்து குவியும். அவரும் மகள் மைமூனும் ஆளுக்கொரு மின்சார இஸ்திரிப் பெட்டியைப் பிடிப்பார்கள். நடு அறை பகலிலும் இருட்டு. விளக்கும் எரிய வேண்டும். பல்பு மாட்டும் இடத்திலேயே பெட்டிகளுக்கும் கரண்ட் எடுத்திருந்தார்கள். விளக்குக்கென்று போட்ட லைனில் இரண்டு பெட்டியும் சேர்ந்து இழுத்தால் தாங்குமா? வாசல் பலகையில் இருந்த மெல்லிய ஃபியூஸ் கம்பி உருகி அறுந்துவிடும். அறுவதுதான் அதன் வேலை. அது அறுந்தால்தான் சுவரில் ஓடும் வயர் சூடேறாமல் தப்பும்.

பாய் புதுக் கம்பி கட்டுவார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை தேநீரை நீட்டும். “சாப்பிட்டீங்களா நானா?” என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல ஆமினா பீவியின் குரல் கேட்கும். பிறகு பத்து நிமிடம் பேச்சு. முகம் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஊரில் அவரை அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லை.

அந்தப் பெட்டிகளுக்குத் தடித்த வயரில் தனி லைனும் தனி ஃபியூஸும் போட்டால் தொல்லை தீர்ந்தது. அரை நாள் வேலை. இரண்டு வருடமாக பாய் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஒரு வியாழன் அழைப்பு வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. மூன்றாவது வியாழன் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

“இன்னிக்கும் கூப்பிடல சுந்தரம்.”

“எப்படிக் கூப்பிடுவாங்க? அவங்க மகன் இப்ராஹீம் இங்க வந்து செப்புக் கம்பி வாங்கிட்டுப் போனாரே. அடிக்கடி ஃபியூஸ் போவுதாம்.”

பாய் எழுந்துவிட்டார். “ஃபியூஸுக்குச் செப்பா? தடிச்சதா?”

“கேட்டாரு, குடுத்தேன்.”

“அது உருகாது. அதுக்கு முன்ன செவரு எரியும்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “வாராவாரம் ஃபியூஸ் போனா அவரு வேற என்ன செய்வாரு? நீங்களாவது ஒரு வழி சொல்லியிருக்கலாம்லா.”

பாய் அதற்குள் தெருவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். கடையை அப்படியே போட்டுவிட்டு நானும் அவர் பின்னால் ஓடினேன்.

இஸ்திரி நடந்துகொண்டிருந்தது. சுவரில் வயரை மூடியிருந்த மரப்பட்டையில் பாய் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். மெயினை அணைத்துவிட்டுப் பட்டையைக் கழற்றினார். வயரின் ரப்பர் இளகி, மரத்தின் உட்புறம் கருகியிருந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான், திரைக்கு அந்தப் பக்கம், மைமூனின் குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருந்தார்கள்.

பாய் திரையைப் பார்த்துப் பேசினார். “இப்ராஹீம் தம்பி மேல தப்பு இல்லம்மா. தனி லைன் போட்டா ஃபியூஸ் போறது நிக்கும்னு எனக்கு மொத நாளே தெரியும். போட்டுட்டா நான் இங்க வர வேண்டியிருக்காது. அதான் சொல்லல.”

 திரைக்குப் பின்னால் தொட்டிலை அவிழ்க்கும் ஓசை கேட்டது. எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, அழுகையும் வந்தது.

சனிக்கிழமை பாய் புது வயர் இழுத்தார், தனி ஃபியூஸ் வைத்தார், கூலி வேண்டாமென்றுவிட்டார். நான் கூடமாட எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பெட்டியையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். விளக்கு மங்கவில்லை. திரைக்கு வெளியே தேநீர் வந்தது. சாப்பிட்டீர்களா என்ற கேள்வி மட்டும் வரவில்லை. பாய் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி, திரையோரமாக வைத்துவிட்டு இறங்கினார்.

அடுத்த வியாழன் நாலு மணிக்கு என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார்.

“சாப்பிட்டீங்களா பாய்?” என்று கேட்டேன்.

தெருவைப் பார்த்தபடியே ‘ம்’ என்றார்.