வலது பக்கத்துக் கை

இப்போது இழுக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம். தரை தானாக மேலே வரட்டும். அவன் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான்... இல்லை, இருக்கிறான். இல்லாவிட்டால் என் கைக்குள் இந்தக் கனம் எங்கிருந்து வந்தது?

அந்த மாலை என் மனதில் ஓடியது இவ்வளவுதான். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் கற்பனையாக எழுதவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் நான். எந்த மாத்திரை மனிதரை எப்படிக் குழப்பும் என்று தெரியும். அந்த நாட்களில் தலைவலி மாத்திரைகூட நான் போட்டதில்லை. நடந்தது நடந்தபடியே இருக்கிறது.

என் கணவன் ராடிவோய் பல் செட் செய்பவன். எங்கள் வீட்டு முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் கோடைச் சமையலறை. வெயில் காலத்தில் வீடு சூடாகாமலிருக்க எங்கள் ஊரில் பழைய வீடுகளில் தனியாக அப்படி ஒன்று இருக்கும். மற்றவர்கள் அதில் குடைமிளகாய் சுடுவார்கள். அவன் அதற்குள் ஒரு விமானத்தின் முன்பகுதியைக் கட்டினான். நூற்றைம்பது பேர் போகிற பெரிய விமானம். ஒரு கம்ப்யூட்டர், மூன்று திரைகள், எங்கோ உடைத்துப் போட்ட நிஜ விமானத்திலிருந்து வாங்கி வந்த இரண்டு இருக்கைகள். ஒவ்வொன்றின் முன்னும் அதே மாதிரி வாங்கி வந்த, தரையிலிருந்து எழும் ஒரு தண்டு, அதன் தலையில் பாதி வெட்டிய ஸ்டீயரிங். தண்டை இழுத்தால் மூக்கு தூக்கும். தள்ளினால் கவிழும்.

அவனுக்குத் திரையில் அக்கறையே கிடையாது. "படம் யார் வேணா காட்டலாம். கையை ஏமாத்த முடியாது" என்பான். இடது தண்டின் அடியில் ஒரு மோட்டார் வைத்தான். வேகம் கூடினால் தண்டு இறுகும், குறைந்தால் தளரும். ஊரில் விமானிப் பள்ளி இருக்கிறது. அங்கே பாடம் எடுக்கும் ஒருவரைக் கூட்டி வந்து, கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கச் சொல்வான். "இன்னும் லேசா இருக்கு" என்பார் அவர். மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவான்.

சின்ன விமானம் திருப்பியவுடன் திரும்பும். பெரியது யோசிக்கும். திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் மேலும் திருப்பினால், யோசித்து முடித்ததும் ஒரேயடியாகச் சாயும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு அது. நான் கடைசிவரை செய்தேன்.

"ஸ்மில்யா, அது ஸ்ட்ரூடல் மாவு இல்ல. பிசையாத!"

"பிசையாம விட்டா நீ திங்கிற ஸ்ட்ரூடல் எங்கேருந்து வரும்?"

"அத அடுப்படியில காட்டு. இங்க பின்னாடி நூத்தம்பது பேர் உக்காந்திருக்காங்க."

"ஒருத்தனும் டிக்கெட் வாங்கலியே!"

இரண்டு தண்டுகளையும் தரைக்கடியில் ஓர் இரும்புக் கம்பி இணைத்திருந்தது. ஒன்று அசைந்தால் மற்றதும் அசையும். நிஜ விமானத்திலும் அப்படித்தானாம். அவன் இடதில் ஓட்டுவான். நான் வலதில் உட்கார்ந்து விரல்களை மட்டும் வைத்திருப்பேன். அவன் தயங்குவது, பொறுப்பது, முடிவெடுப்பது எல்லாம் அந்த இரும்பு வழியாக என் விரலுக்கு வரும். அதிகம் பேசாத மனிதன். முப்பது வருஷத்தில் அவனை நான் அவ்வளவு கிட்டத்தில் அறிந்தது அங்கேதான்.

பிறகு ஒரு நாள் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். "வலது பக்கம் ரிப்பேர்" என்றான். சரியானதும் கூப்பிடுவான் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. மூன்று வருஷம். மாலைகளில் பாத்திரம் கழுவியபடி, முற்றத்துக்கு அந்தப்பக்கம் ஜன்னலில் தெரியும் நீல வெளிச்சத்தைப் பார்ப்பேன். என்மேல் சலிப்பு வந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏன் என்று கேட்காமலே, அவன் நோயில் படுத்தபோது கஞ்சி கொடுத்தேன், ஊசி போட்டேன். மே மாதம் போய்விட்டான்.

திஹோமிர் எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன். எங்கள் பக்கம் அப்படி நின்றவனைக் 'கூம்' என்போம். அண்ணன் தம்பியைவிட ஒரு படி மேல். அவனுக்கு நான் 'கூமா'. அந்த விமானத்தின் வயரிங் முழுக்க அவன் கை வேலை. அக்டோபரில் போன் செய்தான்.

"கூமா, அந்த விமானச் சாமானை எப்ப வந்து எடுத்துட்டுப் போகட்டும்?"

"ஆறு மாசப் பிரார்த்தனை முடியட்டும்."

"சரி. அதுவரைக்கும் நீ அதுல உக்காராத."

"ஏன், பெட்ரோல் தீர்ந்துடுமா?"

எதற்கும் சிரிப்பவன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டான்.

கோடைச் சமையலறைக்குத் தூசி தட்டத்தான் போனேன். ஒவ்வொரு சுவிட்சின் கீழும் ராடிவோயின் கையெழுத்தில் சின்னச் சின்ன சீட்டு. ஒன்றைப் போட்டேன். அடுத்ததையும் போட்டேன். மின்விசிறிகள் உறுமின. திரைகளில் பெல்கிராட் ஓடுதளம் விரிந்தது. அவனுடைய இடது இருக்கையில் உட்கார்ந்தேன். அதன் ஆட்டுத்தோல் விரிப்பில் அவன் உடம்பின் பள்ளம் இன்னும் இருந்தது.

அன்று மோதினேன். மறுநாளும் மோதினேன். மூன்றாம் நாள், தரை நெருங்கியபோது வழக்கம்போலப் பதறித் தண்டை இழுத்தேன்.

தண்டு வரவில்லை.

இறுகியதென்று சொல்ல மாட்டேன். மோட்டாரின் இறுக்கம் எனக்குத் தெரியும், அதற்கு ஒரு முரட்டுத்தனம் உண்டு. இது அப்படியில்லை. யாரோ மறுபக்கத்தில் பிடித்திருப்பதுபோல் இருந்தது. 'பொறு' என்பதுபோல். பிறகு மெல்ல... மெல்ல... என் கையோடு சேர்ந்து பின்னால் வந்தது. சக்கரங்கள் தரையைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

அழுதேன். ஐந்தாறு மாதமாக யாரும் என்னைத் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் போனேன். கடையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல். இறங்கும் நேரத்தில் மட்டும் அந்தக் கை வரும். மோட்டார் கெட்டிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. அந்த எண்ணத்தை விரட்டினேன். உண்மை தெரிந்தால் கை போய்விடுமோ என்ற பயம்.

சில விஷயங்கள் இடித்தன. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கையில் ஒரு நடுக்கம் இருந்தது. பல்லில் மயிரிழை வித்தியாசத்தைத் தேய்த்து எடுப்பவன் ராடிவோய். அவன் கை நடுங்கியதே இல்லை. நோய்க்காலத்து நடுக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வலது பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. நனைந்த கம்பளியும் சிகரெட்டும். அவன் சிகரெட்டைத் தொட்டதில்லை. திஹோமிர் எப்போதாவது இங்கே புகைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

நம்ப விரும்புகிறவளுக்குக் காரணமா கிடைக்காது?

பிரார்த்தனைக்கு முந்தின நாள் மாலை. ஐந்துகூட ஆகவில்லை. நவம்பரில் எங்களுக்கு அதுவே இருட்டு. கோஷவாக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அது வீசினால் எங்கள் ஊரில் கூரை ஓடு பல்லைக் கடிக்கும். வாசல் கதவில் ஒட்டியிருந்த ராடிவோயின் ஆறு மாத நினைவு அறிவிப்புத் தாள் படபடவென்று அடிக்கும் சத்தம் முற்றம் தாண்டிக் கேட்டது.

ஓடுதளம் தூரத்தில் தெரிந்தது. உயரம் இன்னும் நிறைய இருந்தது.

கை அன்று சீக்கிரமே வந்துவிட்டது.

ஒரு யோசனை வந்தது. என் கைகளை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டேன்.

தண்டு தானே அசைந்தது. கொஞ்சம் இடம்... கொஞ்சம் வலம்... பக்கக் காற்றைச் சமாளிக்கும் சின்னச் சின்ன அசைவுகள். திருப்பிவிட்டுக் காத்திருந்தது. மறுபடி திருப்பியது.

வலது பக்கம் பார்த்தேன். அந்தத் தண்டும் அசைந்தது. அதே அளவு. அதே நேரம்.

வலது இருக்கையின் ஆட்டுத்தோலில் ரோமம் அமுங்கிக் கிடந்தது.

"ராடிவோய்?" என்றேன்.

இரண்டு தண்டுகளும் நின்றன.

நின்றன... அவ்வளவுதான். விமானம் மெல்லச் சாயத் தொடங்கியது. யாரும் அதைத் திருத்தவில்லை.

படக்.

கரண்ட் போய்விட்டது. மூன்று திரைகளும் அணைந்தன. மின்விசிறிகள் முனகி ஓய்ந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காற்றுச் சத்தம் மட்டும்.

மோட்டாருக்கு மின்சாரம் இல்லை. தண்டு துணிபோலத் துவண்டிருக்க வேண்டும். தடவிப் பிடித்தேன்.

துவளவில்லை.

முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் உண்டு. மூக்கின் எடையைச் சமன் செய்வது. மின்சாரத்தில்தான் சுழலும்.

டக... டக... டக...

சுழன்றது.

தண்டு என்னை நோக்கி வந்தது. இறங்குவதற்கான அளவைத் தாண்டி. இன்னும்... இன்னும்... என் வயிற்றில் அழுந்தும்வரை. முன்னால் தள்ளினேன். முழு பலத்தோடு தள்ளினேன்.

அசையவில்லை.

நடுக்கம் மட்டும் வந்தது. இரும்பு வழியாக. என் தோள்வரை.

நனைந்த கம்பளி.

பக்கத்தில்... ஒரு மூச்சு.

பிறகு விட்டது. தண்டு துவண்டு விழுந்தது. சக்கரம் நின்றது.

நான் ஓடவில்லை. இன்றுவரை என்னைப் பயமுறுத்துவது அதுதான். எழுந்து ஓடியிருக்கலாம். கதவு மூன்றடியில் இருந்தது. நான் அந்த இருட்டில் தண்டின்மேல் மறுபடி கையை வைத்துக்கொண்டு, கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றி, வேகவைத்த கோதுமையை எல்லோருக்கும் ஒரு கரண்டி கொடுத்து முடித்தபின், திஹோமிர் என்னோடு வீட்டுக்கு வந்தான். வாசலில் அவன் வேன். சீமைமாதுளையில் காய்ச்சிய ராக்கியாச் சாராயம் ஊற்றினேன்.

"மெலிஞ்சு போயிட்டியே கூமா. மருந்துக்கடைக்காரி வீட்ல சோறு கிடையாதா?"

"சாப்பிடத் தோணல."

"தோணலேன்னா எம் பொண்டாட்டிகிட்ட வா. அவ ஊட்டி விடுவா. என்னைப் பாரு, பீப்பா மாதிரி ஆக்கி வச்சிருக்கா."

சிரித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கரண்ட் போனதும், சக்கரம் சுழன்றதும். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன்.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். எழுந்து முற்றத்தைக் கடந்து போனான். நான் பின்னால் போனேன். கோடைச் சமையலறையில் மண்டியிட்டு, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலிருந்த பலகையைக் கழற்றினான்.

"பாரு."

பார்த்தேன். இடது தண்டின் அடி தெரிந்தது. வலது தண்டின் அடி தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. வெறும் சிமெண்ட்.

"கம்பி எங்க?"

"என் கொட்டகையில. மூணு வருஷமா."

எனக்குப் புரியவில்லை.

"அவன்தான் கழட்டச் சொன்னான். இறங்கும்போது வலது பக்கத்துலேர்ந்து ஒரு கை பிடிக்குதுன்னான். நான் சிரிச்சேன். கம்பிய எடுத்தோம். எடுத்த பிறகும் பிடிக்குதுன்னான். அப்ப நான் சிரிக்கல."

"அப்ப... அவன் உயிரோட..."

"உயிரோட இருக்கும்போதே, கூமா. நல்லா இருந்தப்பவே."

பெயர் சொன்னதும் அது ஏன் நின்றது என்று இப்போது தெரிந்தது. நான் கூப்பிட்டது அதன் பெயரை இல்லை.

"எந்த விமானத்துத் தண்டு இது?"

"விசாரிச்சோம். வித்தவனுக்கே தெரியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

திஹோமிர் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தபடி சொன்னான்: "அவனுக்குத் தன்னைப் பத்திப் பயமில்ல. 'அது கெட்டது இல்ல கூம், தனியா இருக்கு, பக்கத்துல ஒரு ஆள் வேணும்னு பிடிக்குது'ன்னான். 'எனக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்மில்யாவ மட்டும் உக்கார வைக்கக் கூடாது. அவ உக்காந்தா எழுந்து வரமாட்டா'ன்னான்."

மூன்று வருஷம். அந்த ஜன்னலின் நீல வெளிச்சம். சலிப்பு என்று நான் நினைத்தது.

அவன் என்னை அவ்வளவு நன்றாக அறிந்திருந்தான். அதை நான் தெரிந்துகொண்டபோது அவன் இல்லை.

திஹோமிர் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். "அவன் போனதுமே வந்து எடுத்திருக்கணும். தப்பு எம்மேல. இப்பவே கழட்டிடுறேன். எல்லாம் வேணாம், வலது பக்கத்த மட்டும் குடு. டான்யூப் ஆத்துல போட்டுடறேன்."

வெளியே காற்று அடங்கியிருந்தது. வலது இருக்கையின் ஆட்டுத்தோல் இன்னும் அமுங்கியே கிடந்தது. அவனும் அதைப் பார்த்தான்.

"வேண்டாம், கூம்."

"கூமா, அது ராடிவோய் இல்ல. புரியுதா உனக்கு?"

"புரியுது," என்றேன். அவன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக வாங்கிப் பைக்குள் திரும்ப வைத்தேன். "இருக்கட்டும்."