கிரேன்காரியும் மெதுவாகக் கரையும் மாத்திரையும்

என் மனைவி டவர் கிரேன் ஓட்டியவள். கட்டுமானத் தளத்தில் எல்லோரும் அவளை ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கீழே நின்று வயர்லெஸ்ஸில் வழி சொல்லும் சிக்னல்காரன். ‘இன்னும் கொஞ்சம் இடது, நிறுத்து, மெல்ல இறக்கு’ என்று நான் சொல்லச் சொல்ல, வானத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்துகொண்டு, லாரி கனம் கனக்கும் இரும்பைத் தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் இறக்குவாள். முதலில் எனக்கு அவள் குரல்தான் தெரியும், முகம் பிறகுதான். வேலை முடிந்து ஏணியில் இறங்கி வந்த பெண்ணைப் பார்த்து, இத்தனை பெரிய இயந்திரத்தை ஆட்டிவைத்தது இந்தக் கைகளா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த வாய் இன்னும் முழுசாக மூடவில்லை என்று இப்போதும் கேலி செய்வாள்.

ஒரு மழைநாள் காலையில் ஈர ஏணியில் கால் வழுக்கி, கீழ்த்தட்டில் முதுகு மோத விழுந்தாள். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் அவளை விடவில்லை. பழுக்கக் காய்ச்சிய கம்பியை இடுப்பிலிருந்து பாதம் வரை இழுப்பதுபோல் இருக்கிறது என்பாள். உட்கார்ந்தால் எரிச்சல், நின்றால் குத்தல், படுத்தால் இரண்டும். உடற்பயிற்சி, ஊசி, நரம்புக்கான மாத்திரைகள் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கொஞ்சம் கேட்டது, போதவில்லை. பஸ் பயணம், உறவுக்காரர் வீட்டு விசேஷம், சினிமா என்று ஒவ்வொன்றாக எங்கள் வாழ்க்கையிலிருந்து கழன்றுபோயின. வருஷங்கள் இப்படியே ஓடின.

கடைசியில் வலி சிகிச்சை மருத்துவரிடம் போனோம். அவசரப்படாமல் பேசுகிற பெண்மணி.

“வலி முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் குறைஞ்சா முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

மேகம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஒரு படத்தை முழுசா உட்கார்ந்து பாக்கணும் டாக்டர்.”

மெதுவாகக் கரையும் மார்ஃபின் மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் அவர். மார்ஃபின் என்றால் போதை மருந்தாயிற்றே என்றேன் நான். நாள்பட்ட வலியில் இது எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்காவிட்டால் படிப்படியாக நிறுத்திவிடலாம் என்று அவரே சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். மாத்திரையை உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது. நாள் முழுவதும் கரைய வேண்டியது ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும். வலி கூடுகிறதென்று தானாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. மது, தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் எந்த மருந்தும் கூடவே கூடாது. பூட்டி வைக்க வேண்டும். வேறு யாருக்கும் ஒன்றுகூடத் தரக் கூடாது. மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கும் மருந்து உண்டு. கடைசியாக, மூக்கில் அடிக்கும் ஒரு சின்ன ஸ்ப்ரேயை என் கையில் கொடுத்தார். ஆளை எழுப்ப முடியாமல் மூச்சு மந்தமானால் இதை அடித்துவிட்டு உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று செய்து காட்டி, என்னையும் செய்து காட்டச் சொன்னார்.

முதலில் குமட்டல்தான் வந்தது. அளவைச் சரிசெய்தார்கள். பிறகு ஒரு மதியம், வீட்டுக்குள் வந்தபோது என்னவோ வித்தியாசமாக இருந்தது. அவள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு ஆள் மெத்தையைச் சைக்கிளில் கட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது.

“ஏங்க, எனக்குக் கால் இருக்குறதே கொஞ்ச நேரம் மறந்துபோச்சுங்க,” என்றாள்.

வலி போய்விடவில்லை. பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுபோல் இருக்கிறது, சத்தம் கேட்கிறது, ஆனால் அடிக்கவில்லை என்றாள். மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லாத ஒரு மாத்திரை இதைச் செய்ததா என்று எனக்குப் புல்லரித்தது. அடுத்த வாரம் சினிமாவுக்குப் போனோம். படு குப்பையான படம். இடைவேளையில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. இவள் மட்டும் கடைசி எழுத்து ஓடும்வரை அசையாமல் பார்த்துவிட்டு, “அருமையான படம்,” என்றாள்.

அதே மருந்தின் இன்னொரு முகத்தையும் நான் பார்த்தேன். அவளுக்குச் சளி பிடித்து நெஞ்சு கட்டியிருந்தது. பார்க்க வந்த அவளுடைய அக்கா, தங்கை இருமுகிற இருமலைத் தாங்க மாட்டாமல், தன் பையிலிருந்த இருமல் மருந்தையும் ஒரு தூக்க மாத்திரையையும் கொடுத்திருக்கிறாள். நல்ல எண்ணத்தோடுதான். காய்ச்சல் மயக்கத்தில் இவளும் கேட்காமல் விழுங்கிவிட்டாள். நான் மதியச் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனேன். குறட்டை கேட்டது, நடுநடுவே அறுந்தது. ஒரு குறட்டைக்கும் அடுத்ததற்கும் இடையில் என் உயிரே போய் வந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தேன். அசைவில்லை.

மருந்துப் பெட்டியின் பூட்டைத் திறந்து ஸ்ப்ரேயை எடுத்து ஒரு மூக்குத் துளையில் அடித்தேன். அக்கா அழுதுகொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் ஊதச் சொன்னது போனில் வந்த குரல். ஊதினேன். என் மூச்சு போகிறது, நெஞ்சு ஏறுகிறது, இறங்குகிறது. அவளுடையது என்று ஒன்றும் இல்லை. பிறகு, ஏதோ பெரிய ஆழத்திலிருந்து மேலே வந்தவள்போல, அவளாகவே ஒரு மூச்சை இழுத்தாள். அப்புறம் இன்னொன்று. உதட்டில் நிறம் திரும்புவதை என் கண்ணால் பார்த்தேன். எத்தனையோ டன் எடை அந்தரத்தில் ஏறுவதைப் பார்த்தவன் நான். அந்த நெஞ்சுக்கூடு தானாக ஏறியதைப்போல் எதையும் பார்த்ததில்லை.

கண்ணைத் திறந்ததும் வலி மொத்தமாகத் திரும்பி வந்து தாக்கியது, அலறினாள். அந்த அலறல்கூட எனக்கு இனித்தது. ஆஸ்பத்திரியில் உடனே விடவில்லை. ஸ்ப்ரேயின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும் மாத்திரை மறுபடி மூச்சை அமுக்கலாம் என்று பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தச் சனியனே வேண்டாம், எல்லாவற்றையும் தூக்கி எறிகிறேன் என்றாள் மேகம். டாக்டர் திட்டவில்லை. திடீரென்று நிறுத்தினால் உடம்பு படாதபாடு படும், வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றார். அடுத்த முறை அக்காவையும் அழைத்து வரச் சொல்லி, அவளுக்கும் பொறுமையாக விளக்கினார். அன்றிலிருந்து அக்கா தங்கைக்கு ஒரு மிட்டாய் கொடுப்பதென்றாலும், “மாப்பிள்ளை, இதைக் குடுக்கலாமா?” என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறாள்.

மாதங்கள் போயின. நீச்சல் குளத்தில் நடைபயிற்சி, தசைக்குப் பயிற்சி என்று சேர்த்துக்கொண்டு, மாத்திரையின் அளவு முதலில் இருந்ததில் பாதியாக இறங்கியது. அந்தச் சமயத்தில்தான் எங்கள் இன்ஜினியர் வீட்டுக்கு வந்தார். ஆற்றின்மேல் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் நடு உத்தரத்தைத் தூக்கி வைக்க வேண்டும். காற்று அடிக்கிற இடம். மேகத்தின் கைதான் வேண்டும், கூண்டுக்குப் போக லிஃப்ட்கூட வைத்திருக்கிறோம் என்றார். அவள் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனதைப் பார்த்தேன். நாலு வருஷமாக அவள் கனவில் வருவது அந்தக் கூண்டுதான்.

ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாத்திரை எடுப்பதை மறைக்காமல் சொன்னாள். ஒருநாள் மட்டும் விட்டுவிட்டு வரலாமே என்றார் அவர். விட்டால் நடுக்கமும் வலியும் சேர்ந்து வரும், எடுத்தால் அளவு மாறிக்கொண்டிருக்கிற நேரத்தில் எப்போது கண் சொருகும் என்று தெரியாது என்றாள்.

“எனக்கு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா கொக்கிக்குக் கீழ ஆளுங்க நிப்பாங்க. நான் நல்லா இருக்கேன்னு எனக்குத் தோணுறதை நம்பி அவங்களை நிக்க வைக்க முடியாது.”

அவர் போன பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு உயரத்தில் இருந்து வேலை பார்த்தவள்! அன்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் போன உயரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உத்தரம் ஏறிய அன்று வேறொருத்தர் கிரேன் ஓட்டினார். மேகம் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து முடிவுவரை பார்த்தாள். தெருவகலம் இருந்த அந்த இரும்பு ஆற்றுக்குமேல் நகர்ந்தபோது கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. இரண்டு தூண்களிலும் அது அமர்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். இவள் மட்டும், “கடைசியில கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்,” என்றாள்.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் நிறுத்தச் சொன்னாள். அளவு குறைந்த பிறகு மிச்சமாகிப்போன பழைய மாத்திரைகளைக் கைப்பையிலிருந்து எடுத்து, அழித்துவிடச் சொல்லிக் கடைக்காரரிடம் ஒப்படைத்தாள். பிறகு வெளியே வந்து, சிக்னல் மாறக் காத்திருந்து, என் கையைப் பிடிக்காமலே மெதுவாகச் சாலையைக் கடந்தாள்.