நடுரோட்டில் நின்ற நாற்காலி

அலுவலகத்தில் எல்லாரும் அவனை 'வயர்லெஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பி இல்லாமல் கருவிகளோடு பேசுகிற மொபைல் ஆப் எழுதுவது அவன் வேலை. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, எடை மெஷின் என்று எத்தனையோ சாமான்களைப் போனோடு கோர்த்துவிட்டவன். "விட்டா செருப்பையும் போனோட பேச வெச்சிடுவான்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டு அவனும் உச்சி குளிர்ந்துபோவான்.

கம்பெனி மோட்டார் சக்கர நாற்காலி செய்ய இறங்கியபோது அவனுக்கு அண்ணி ஞாபகம்தான் வந்தது. படிக்கட்டில் விழுந்து கழுத்தில் அடிபட்டதிலிருந்து அவளுக்கு அசைவது வலது கட்டைவிரல் மட்டும்தான். கடையில் கிடைக்கும் மோட்டார் நாற்காலிகளை ஓட்டும் கைப்பிடியைத் தள்ள மணிக்கட்டில் பலம் வேண்டும். போன் திரையைத் தொடக் கட்டைவிரல் போதுமே!

"இனிமே நீங்களே கடைக்குப் போயிட்டு வரலாம் அண்ணி."

"கடைக்காரர் பயந்து ஷட்டரை இழுத்துடப் போறாரு தம்பி" என்று சிரித்தாள். அண்ணனுக்குத்தான் மனசே இல்லை. தம்பி பொறுப்பாச்சே என்று வாயை மூடிக்கொண்டான்.

முதலில் செய்த நாற்காலி அண்ணி வீட்டுக்கு வந்தது. வீட்டுக்குள் அது சொன்ன பேச்சைக் கேட்டது. எப்போதாவது திடீரென்று நிற்கும், பிறகு தானாகவே கிளம்பும். அவன் கவனிக்காமலில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான்.

ஒரு நாள் காலை சிக்னல் விழுந்ததும் அண்ணி சாலையைக் கடக்க, அவன் பக்கத்தில் நடந்தான். பாதியில் நாற்காலி நின்றுவிட்டது. போனோடு தொடர்பு அறுந்தால் சக்கரங்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். பாதுகாப்புக்காக அவனே கேட்டு வைத்த ஏற்பாடு அது. திரையில் 'இணைக்கிறது' என்ற சொல் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சிக்னல் மாறியது. ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. தள்ளிப் பார்த்தான், அசைந்து கொடுக்கவில்லை. பூட்டை விடுவிக்கும் நெம்புகோல் அடியில் இருந்தது. சாலையில் மண்டி போட்டுத் துழாவினான். கைக்கு அது அகப்படவேயில்லை.

"தம்பி, லாரி வருது. தம்பி!"

தலையைத் திருப்பக்கூட முடியாதவள் வேறு என்ன செய்வாள்? ஒரு பஸ் கண்டக்டர் குதித்து ஓடி வந்து, கையை விரித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றார். அதற்குள் நெம்புகோல் அகப்பட்டது. ஓரத்துக்கு வந்த பிறகும் அண்ணியின் கட்டைவிரல் திரையில் 'போ' என்ற பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. அவன்தான் மெல்லப் பிரித்தெடுத்தான்.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

நாற்காலியை விற்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லி முதலாளியிடம் மன்றாடினான்.

"ஆஸ்பத்திரிக்காரங்க பார்க்க வர்ற நேரத்துல தலையில கல்லைப் போடாதேப்பா. சரி பண்ணு, போ."

சோறு இறங்கவில்லை. தெருவில் ஹார்ன் கேட்டாலே எழுந்து ஜன்னலைச் சாத்தினான். தான் எழுதியதைத் திறந்து வைத்துப் படிக்கப் படிக்க, தன் மேலேயே வெறுப்பு வந்தது. போ, திரும்பு, பேட்டரி எவ்வளவு என்று எல்லாக் கட்டளைகளையும் ஒரே மூச்சில் அனுப்பியிருந்தான். போன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கொண்டுசேர்க்கும்; மற்றதைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும். அறுந்த தொடர்பை முழுசாக மூடாமலே புதுசைத் திறக்கவும் முயன்றிருந்தான். கெட்டிக்காரத்தனம் என்று அவன் அடுக்கிய அடுக்குகளுக்குள் இதெல்லாம் கண்ணில் படாமலே கிடந்தது.

மொத்தத்தையும் அழித்தான். கட்டளைகளை வரிசையில் நிற்கவைத்தான். ஒன்று போய்ப் பதில் வந்த பிறகே அடுத்தது. அறுந்தால் சுத்தமாக மூடிவிட்டுத் திறப்பது. பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடப் படித்ததும் புரிந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தலையாட்டினார்கள். முதலாளி முதுகில் தட்டினார். அவனுக்கோ எங்காவது போய் வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது.

அண்ணிதான் ஆள் விட்டுக் கூப்பிட்டாள். அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, முகம் கொடுக்காமல் மாடிக்குப் போய்விட்டான். போனில் புது ஆப்பைப் போட்டுக் கொடுத்ததும் அண்ணி கூடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். அவன் வேண்டுமென்றே தொடர்பை அறுத்துக் காட்டினான். நாற்காலி நின்றது, கண் மூடித் திறப்பதற்குள் மறுபடி இணைந்தது. முற்றத்தைக் கடந்து கேட் வரை வந்தாள். வெளியே ஒரு வண்டி போயிற்று. கட்டைவிரல் திரையிலிருந்து எழும்பிவிட்டது.

"நல்லாத்தான் போகுது தம்பி. உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா என்னால முடியல."

'சரி அண்ணி' என்று அவன் கேட்டைச் சாத்தினான். அண்ணி கட்டைவிரலால் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.