பேசாத பிள்ளைக்கு நன்னடத்தைப் பரிசு

டொக், டொக் என்று அந்தச் சத்தம் முதலில் வராந்தாவின் கோடியில் கேட்கும். சட்டைப் பித்தான்மேல் ஒரு மரத்துண்டு இடித்துக்கொண்டே வருகிற சத்தம். அதைக் கேட்டதும், அதுவரை கசமுசாவென்று இருந்த வகுப்பு அப்படியே அடங்கிப்போகும். உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் அடித்த துண்டு அது, மஞ்சள் கயிற்றில் கோத்திருக்கும், மழை நாளில் வார்னிஷ் பிசுபிசுத்து மாட்டியிருப்பவன் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ‘என்பார்கள்’ என்று நான் சொல்வதற்குக் காரணம், ஒன்பதாம் வகுப்பில் ஜூன் மாதம் சேர்ந்ததிலிருந்து பொங்கல் வரைக்கும் அது என் கழுத்தில் ஏறியதே இல்லை.

பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்று இருக்காது என்று நினைக்கிறேன், அதனால் விளக்கிச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தேன். காலை முதல் மணியிலிருந்து மாலைக் கடைசி மணி வரை, தமிழ் வகுப்பைத் தவிர கேட்டுக்குள் எங்கும் தமிழில் பேசக்கூடாது என்பது அங்கே சட்டம். பேசினால் மரத்துண்டு கழுத்துக்கு வரும். மாட்டியிருப்பவன், வேறொருவன் தமிழில் பேசுவதைக் காதால் கேட்டுவிட்டால் கழற்றி அவனுக்கு மாட்டிவிடலாம். இப்படிக் கைமாறிப் போய்க் கடைசி மணியின்போது யார் கழுத்தில் கிடக்கிறதோ அவன் பெயர் திங்கட்கிழமை பிரேயரில் வாசிக்கப்படும். ஒரு பருவத்தில் மூன்று முறை வாசிக்கப்பட்டவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆசிரியர்கள் அதை ‘லாங்வேஜ் டேக்’ என்றார்கள். கயிறு மஞ்சளாக இருந்ததால் பையன்கள் ‘தாலி’ என்றார்கள்.

சட்டங்கள் வேறேயும் இருந்தன. நகம் வெட்டியிருக்க வேண்டும், தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்க வேண்டும், புதன்கிழமை வெள்ளைச் சீருடைக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ. அதில் கறை இருந்தால் சாக்பீஸைத் தேய்த்து மறைப்போம், நடக்கும்போது பின்னாலேயே ஒரு வெள்ளைப் புகை வரும். அதையெல்லாம் நான் குறை சொல்ல மாட்டேன். சுத்தமாக வருவதும் நேரத்துக்கு வருவதும் அங்கே பழகியதுதான், இன்றைக்கு நான் வேலை பார்க்கிற கம்பெனியில் ஷிப்டுக்கு ஒரு நாளும் பிந்தாமல் போகிறேன் என்றால் அதற்கு அந்தப் பள்ளிக்கூடமே காரணம். ஆனால் அந்த மரத்துண்டைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எங்கள் வீடு மகாபலிபுரத்தில். அப்பா கடற்கரை ஓட்டல் ஒன்றில் சமையல்கட்டில் இருந்தார். எட்டாவது வரை நான் அரசுப் பள்ளியில் படித்தேன், நன்றாகப் பேசுகிற பையன் என்றுதான் பெயர். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்த என் மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, “இங்கிலீஷ் இல்லாம ஒண்ணும் நடக்காது அக்கா, பையன இங்கயே வெச்சிகினு இன்னா பண்ணப் போற?” என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஜூன் மாதம் நான் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“அங்க பேசறதுக்கு உன்ன அனுப்பல முரளி. படிக்கறதுக்குதான் அனுப்பறேன். பேரு கெட்டுப்போவாம வந்துடு.”

எனக்கு அப்போது வாயில் வந்த இங்கிலீஷ் எல்லாம் ‘எஸ் சார்’, ‘நோ சார்’, ‘மே ஐ கம் இன் சார்’. இதை வைத்துக்கொண்டு ஒருத்தனிடம் பென்சில் இரவல் கேட்க முடியாது, தாகமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஒரு ஜோக்குக்குச் சிரித்தால்கூட அடுத்து என்ன சொல்வது என்று தெரியாது. மற்ற பையன்கள் ஒன்றும் சட்டத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. கையை வாய்க்குக் குறுக்கே வைத்து, பெஞ்சுக்கு அடியில் குனிந்து, சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் போய், தமிழில் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். நான் மட்டும் பேசவில்லை. அம்மா சொன்னது காதில் இருந்தது. முதல் வாரம் பேசாமல் இருந்தேன், அப்புறம் பேசாமல் இருப்பவன் என்று ஆகிவிட்டேன், அதற்கப்புறம் யாரும் என்னிடம் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே யாரும் எதுவும் பேசலாம்தான். ஆனால் அதற்குள் அவரவர் கூட்டம் சேர்ந்திருந்தது, எனக்கோ பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போது ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. “மகாபலிபுரத்துலேர்ந்து ஒரு செலைய பஸ்ல ஏத்தி அனுப்பிச்சிட்டாங்கடா.” எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்குதான், நானும் சிரித்திருப்பேன், வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால். அன்றிலிருந்து என் பெயர் ‘செலை’.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, வழியில் உள்ள கடைப் பலகைகளையும் சுவர் விளம்பரங்களையும் உதட்டுக்குள் வாசித்துக்கொண்டே வருவேன். உரக்கடை, முடிதிருத்தகம், சைக்கிள் வாடகைக்கு, இங்கே சுவரொட்டி ஒட்டாதீர். அதுதான் அன்றைய நாளின் பேச்சு. வீட்டுக்கு வந்தாலும் தாடை இறுகியே இருக்கும். “இன்னாடா, வாய்ல கொழுக்கட்டையா கீது?” என்று அம்மா கேட்பாள். பரீட்சை என்பேன், தலைவலி என்பேன். படிக்கிற பையன் அப்படித்தான் இருப்பான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பிரின்சிபால் பிரேயரில் என் பெயரைச் சொன்னார். ஒரு முறைகூட டேக் மாட்டாத ஒரே மாணவன் என்றும், ஆண்டு விழா வரை இதேபோல் இருந்தால் நன்னடத்தைப் பரிசு எனக்குத்தான் என்றும் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் மலர்ந்ததை என்னவென்று சொல்வது. தெரு முழுக்கச் சொன்னாள், மாமாவை ஆண்டு விழா அன்றைக்கு லீவு போடச் சொன்னாள், எனக்குப் புதுச் சட்டைக்குத் துணி எடுத்தாள். அந்தக் கைதட்டல் முடிந்து வகுப்புக்கு நடந்தபோதும் என் பக்கத்தில் யாரும் நடந்து வரவில்லை என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

எங்கள் வகுப்பில் பாபு என்று ஒருத்தன். அவன் அப்பா ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்தார். பாபுவால் பேசாமல் இருக்க முடியாது; அவனுக்கும் இங்கிலீஷ் வராது, ஆனால் அது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பருவத்தில் அதற்குள் இரண்டு முறை அவன் பெயர் பிரேயரில் வாசிக்கப்பட்டிருந்தது. இன்னொரு முறை என்றால் டி.சி.தான், டி.சி. வந்தால் படிப்பு போதுமென்று கடையில் உட்கார வைத்துவிடுவேன் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். அது வகுப்புக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட் விளையாட்டு. டேக் பாபுவின் கழுத்தில் இருந்தது. மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அவன் மைதானம் முழுக்க ஓடினான், ஒவ்வொருத்தனிடமும் போய் நின்றான். “ஒன் வேர்டுடா, ப்ளீஸ், ஒன் வேர்டு” என்று கெஞ்சினான். அவன் போன இடமெல்லாம் பையன்கள் வாயை இறுக மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு சிதறி ஓடினார்கள். கடைசியில் மூச்சு வாங்க, நான் உட்கார்ந்திருந்த தண்ணீர்க் குழாய் மேடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என்னிடம் அவன் ஒன்றும் கெஞ்சவில்லை. செலையிடம் கெஞ்சி என்ன ஆகப்போகிறது? அவனைப் பார்த்து ஓடாத இடம் அது ஒன்றுதான், அதனால் வந்து உட்கார்ந்தான். முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் அப்போது நினைத்ததாகச் சொன்னால் அது பொய். அந்தப் பள்ளியில் ஒருத்தன் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“உங்க கடையில இன்னிக்கு இன்னா டிபன்?”

குரல் கரகரவென்று யாருடையதோ மாதிரி வந்தது. அந்த மாதங்களில் எனக்குக் குரல் உடைந்திருந்தது, அதை நானே சரியாகக் கேட்டிருக்கவில்லை. பாபு தலையைத் தூக்கினான்.

“டேய், உனக்கு வாய் கீதாடா?”

“கீது.”

“அப்புறம் ஏண்டா இத்தினி நாளா உம்முன்னு ஒக்காந்துகினு இருந்த?”

“இங்கிலீஷ் வரல.”

“எனக்கு மட்டும் வருதா? நான் பேசல?” என்றான். பிறகு கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதிலும் சொன்னான். “வடகறி. நேத்து மீந்த வடையெல்லாம் அதுலதான் கீது. வெளிய சொல்லிடாத, கடை பேரு போய்டும்.”

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். கழுத்தில் கிடந்ததை அவன் மறந்தே போய்விட்டான், எனக்குத்தான் நினைவு வந்தது. “எனக்குப் போடு” என்று தலையைக் குனிந்தேன்.

“வேணாண்டா. உனக்குப் பிரைஸ் கீது. உங்கம்மா வருவாங்க.”

“உனக்கு டி.சி. கீது.”

அவன் கையைத் தட்டிவிட்டு நானே அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

மைதானத்தைச் சுற்றி வந்த பி.டி. சார் எங்களைப் பார்த்துவிட்டார். நேராக வந்து பாபுவின் காதைப் பிடித்தார். “திஸ் பாய் நெவர் டாக்ஸ்” என்றார். பேசாத பையனை மிரட்டி மாட்டிவிட்டாயா என்று இங்கிலீஷில் கத்தினார், கத்திக்கொண்டே என் கழுத்திலிருந்து கழற்றி மறுபடியும் அவன் கழுத்தில் போட்டார். பாபு, “ஹீ ஒன்லி சார், ஹீ ஒன்லி” என்றான். சுற்றி நின்ற பையன்களில் ஒருத்தன்கூட நம்பவில்லை. நம்புவதற்கு என்ன இருக்கிறது? என் குரல் எப்படி இருக்கும் என்றே அங்கே யாருக்கும் தெரியாதே. என்னிடம் இருந்த மூன்று வாக்கியத்தில் எதை எடுத்துப் போட்டாலும் நடந்ததைச் சொல்ல முடியாது. எஸ் சார் என்றால் அவன் மிரட்டினான் என்று ஆகும், நோ சார் என்றால் நான் பேசவில்லை என்று ஆகும்.

“நான்தான் சார் பேசினேன்,” என்றேன். “அவன் போடல. நானேதான் எடுத்துப் போட்டுக்கினேன்.”

மைதானமே திரும்பிப் பார்த்தது. பி.டி. சார் காதை விட்டுவிட்டு, “இன்னாடா சொன்ன?” என்றார். அவர் பேசியதும் தமிழ்தான், அவருக்கே அது தெரியவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன், முதல் தடவையைவிடச் சத்தமாக. பிறகு அவர் பாபுவிடமிருந்து டேக்கைக் கழற்றி, கொஞ்சம் மெதுவாகவே, என் கழுத்தில் மாட்டினார். மணி அடித்தது. கேட்டுக்கு வெளியே வந்ததும் பாபு, “சாருக்கும் போட்டிருக்கணும்டா” என்றான்.

பஸ்ஸில் பலகைகளை வாசிக்க மனசு ஓடவில்லை. வீட்டுக்குப் போனபோது அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன், திட்டுக்குக் காத்திருந்தேன். “சரி, போவுது” என்றாள். அப்புறம், “அந்தப் பையன்கிட்ட இன்னா பேசின?” என்றாள்.

“வடகறி பத்தி.”

“மத்த நாள்ல யார்கூட பேசுவ?”

“யார்கூடவும் இல்ல.”

“யார்கூடவும் இல்லன்னா?”

“ஜூன்லேர்ந்து இல்லம்மா.”

அவள் கை மீனோடு நின்றுவிட்டது. “பேசாதன்னு நான்தானேடா சொன்னேன்” என்றாள். மீனை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ் எங்கே நிற்கும், கண்டக்டர் எப்படி, வகுப்பில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இருட்டுகிற வரை என்னைப் பேச வைத்தாள்.

பரிசு ஒரு பெண்ணுக்குப் போனது. ஆனாலும் அம்மா ஆண்டு விழாவுக்கு வந்தாள், அந்தப் பெண்ணுக்குக் கை தட்டினாள், பாபுவைப் பார்த்ததும் கன்னத்தைத் தட்டி, “நீதானா அந்த வடகறி?” என்றாள். அந்த வருஷம் மீதி நாட்களில், பஸ் வரும் வரை பாபுவும் நானும் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினோம். பத்தாம் வகுப்பில் எங்களை வேறு வேறு பிரிவில் போட்டார்கள். பத்தாவதோடு அவன் கடையில்தான் உட்கார்ந்தான், ஆனால் தன் இஷ்டத்தில் உட்கார்ந்தான். பிற்பாடு ரோட்டை அகலப்படுத்தியதில் கடை போய்விட்டது. விசாரித்துப் பார்த்தேன், சரியாகச் சொல்ல யாரும் இல்லை. எனக்கு அவனுக்குப் பிறகு அப்படி ஒரு சிநேகிதன் அமையவில்லை. பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ., சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் கம்பெனி வேலை என்று எல்லாம் நடந்தது, வேலைக்கு வேண்டிய இங்கிலீஷும் தானாக வந்தது. ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் எப்போது வாயைத் திறப்பது என்பது மட்டும் இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. மஞ்சள் கயிற்று மரத்துண்டு எந்தப் பள்ளியிலும் இருப்பதாகத் தெரியவில்லை. அம்மாவும் இல்லை. என் பையன் ஒன்பதாவது படிக்கிறான், அவன் பள்ளியில் பிள்ளைகள் எந்த மொழியிலும் பேசுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். “உங்க பையன் ரொம்ப டிசிப்ளின் சார், இருக்கற இடமே தெரியாது” என்று அவன் மிஸ் சொன்னார். பக்கத்தில் இருந்த பெற்றோர்கள் என்னைக் கொஞ்சம் பொறாமையாகவே பார்த்தார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியில் வரும்போது, “மத்தியானம் யார்கூட ஒக்காந்து சாப்புடுவ?” என்று கேட்டேன். ஏரிக்கரை வந்த பிறகுதான், “தனியாத்தான்பா” என்றான். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். இன்றைக்கு ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டேன், “ஒண்ணும் இல்ல” என்றான். நானும் வண்டியை எடுக்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, “அப்பா, எங்க சயின்ஸ் மிஸ் கீறாங்க இல்ல…” என்று ஆரம்பித்தான்.