வாந்திப் பரிசோதனை

காலை ஐந்தே முக்காலுக்குக் கூடத்தில் கண் விழித்தேன். திண்டிவனத்தில் மாமனார் வீடு. முற்றத்தில் இரவு நான் எடுத்திருந்த வாந்தியை மூன்று பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்: மாமனார், என் மனைவி, நாட்டு வைத்தியர். வைத்தியர் கையில் விளக்குமாற்றுக் குச்சி இருந்தது.

அது 1966. மனச்சோர்வுக்கு ஓராண்டாக மாத்திரை சாப்பிட்டுவந்தேன். நிறுத்துவதானால் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும் என்று சென்னை டாக்டர் சொல்லியிருந்தார். தன் சூரணத்துக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று வைத்தியர் அதை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னார். விழுப்புரத்தில் நிருபர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நானும் சம்மதித்தேன். நான்கு நாளாகக் குமட்டல், வியர்வை. தலையைத் திருப்பினால் கூடமே சுழன்றது. என் உடம்பு நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை.

வைத்தியர் கிளறினார். “மஞ்சளா கீது பாருங்க. இங்கிலீஷ் விஷம் எறங்கிக்கினு கீது.”

மாமனார் குச்சியை வாங்கித் தானும் கிளறினார். “ஆமா மாப்ள, நல்லா வருது!”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“மாத்திரைய நிறுத்தி நாலு நாளாச்சு. இன்னுமா அது வெளிய வருது?” என்றாள் மனைவி. “மஞ்சளா கீறது ராத்திரி நீங்க குடுத்த சூரணம்ங்க.”

“உனுக்கு இன்னாம்மா தெரியும்?” என்றார் வைத்தியர்.

வைத்தியர் எறியச் சொல்லியிருந்த மாத்திரைச் சீசாவை அவள் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். ஒன்றை விழுங்கினேன். இனி டாக்டர் சொன்னபடியே குறைப்பது என்று இருவரும் முடிவு செய்தோம்.

மாமனார் வைத்தியருக்குக் காபி வரவழைத்தார். குச்சி பிடித்த கையைக் கழுவாமலே வைத்தியர் டம்ளரை வாங்கிக் குடித்தார்.