பேய்க் கிராணியின் பெரட்டு

பேய்ப் படக்கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். நான் ஆங்கிலம் படித்ததே அந்தப் புத்தகங்களில்தான். ரப்பர் தோட்டத் தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு கையை விட்டுப் போகாமல் இருந்ததற்கும் அவைதான் காரணம் என்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அவற்றைக் கொண்டுவந்தவள் அப்பாவின் தங்கை, என் அத்தை. பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைக் குடும்பங்கள் குடியிருந்த வீடுகளில் ஒன்றில் துணி துவைத்துப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பையன்கள் படித்துக் கசக்கிப் போட்ட புத்தகங்களை மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு பையில் திணித்துக்கொண்டு, திகாம் பத்துவில் பஸ் இறங்கி, தோட்டத்துச் செம்மண் சாலையில் நடந்து வருவாள். அடுப்புப் பற்றவைக்க ஆகுமே என்றுதான் கொண்டுவந்தாள். அத்தை மாதா கோயில்காரரைக் கட்டிக்கொண்டு வேதத்துக்கு மாறியவள். அட்டையில் எலும்புக்கூடு போட்ட புத்தகங்களைப் பையின் அடியில் வைத்து, மேலே சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மா பால்மரம் வெட்டினாள்; ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் இறக்குகிற வேலை. நான் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு சுங்கை பட்டாணியில் இடைநிலைப்பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எங்களைப் போல் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களை முதலில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பில் உட்காரவைத்து மலாய் சொல்லிக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எனக்கு ஆங்கிலம் வந்தது அடுப்படியில்தான், ஒரு பழைய அகராதியை மடியில் வைத்துக்கொண்டு.

அந்தப் புத்தகங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் ஒருவன் வருவான். வந்து, 'வாங்க, வாங்க, பயப்படாம கிட்ட வாங்க' என்று நம்மைக் கூப்பிட்டுக் கதையை ஆரம்பித்துவைப்பான். நடுவில் காணாமல் போவான். கதையில் எல்லோரும் செத்து ஓய்ந்த பிறகு கடைசிக் கட்டத்தில் தலையை நீட்டி ஒரு நக்கல் அடித்துவிட்டுப் போவான். பெண்டாட்டியைப் பட்டினி போட்டவனை எலிகள் தின்று தீர்க்கும். உடனே இவன் வந்து, 'உப்பு சரியா இருந்துச்சா?' என்று எலிகளிடம் கேட்பான். புத்தகத்துக்குப் புத்தகம் ஆள் மாறும். எங்களுக்குப் பிடித்தவன் நைந்துபோன கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, காதில் பென்சில் செருகி, கல்லறைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவன். கன்னத்தில் சதை கிடையாது, பல் மட்டும் முழுசாக இருக்கும்.

அம்மா அவனை முதலில் பார்த்தபோது, "யாருடி இவன், நம்ம ஆபீஸ் கிராணியாட்டம் இருக்கான்?" என்றாள்.

விடியற்காலையில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று சொல்வோம். கூப்பிடுகிறவர் கிராணி, தோட்ட ஆபீஸ் எழுத்தர். அன்றிலிருந்து கல்லறைக்காரனுக்குப் பேய்க் கிராணி என்று பேர் நிலைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டு அடுப்படியில் பேய்க் கிராணி கதை நடக்கும். நான் படித்துத் தமிழில் சொல்வேன். தெரியாத இடத்தில் கூச்சமே இல்லாமல் அளந்துவிடுவேன். கோட்டை, துரை பங்களாவாகிவிடும். பனி கொட்டினால் ஜெராய் மலையிலிருந்து மழை இறங்கும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கோடு வந்து சுவரில் சாய்ந்துகொள்வாள். உறவில்லை, ஆனால் அம்மாவுக்கு அக்கா, எனக்குப் பெரியம்மா. அவள் மகளுக்குப் பதினேழு வயது இருக்கும். வாசற்படியில் தலை வாரிக்கொண்டே எதுவும் காதில் விழாதது போல் உட்கார்ந்திருப்பாள், நான் ஒரு வரியைத் தாண்டினால் மட்டும் திரும்பிப் பார்ப்பாள்.

அந்தக் கதைகளில் ஏமாற்றப்பட்டவர்கள் செத்த பிறகு எழுந்துவந்து கணக்குத் தீர்ப்பார்கள். பெரியம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும். "நம்ம தோட்டத்துல செத்தவங்கல்லாம் எந்திரிச்சு வந்தா, ஆபீஸ்ல ஒரு நாற்காலி மிஞ்சாதுலா" என்பாள். சொல்லிவிட்டு அவள் சிரிக்கிற சிரிப்பு லயத்தின் கோடி வீடு வரைக்கும் கேட்கும்.

ஆளுக்கு ஒதுக்கிய மரவரிசையை நிரை என்போம். அம்மாவின் நிரையும் பெரியம்மாவின் நிரையும் பக்கத்துப் பக்கம். மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் சரியாக வராத நேரத்தில் வேலையைத் தொடங்குவார்கள். ஆள் தெரியாது. அதனால் பெரியம்மா முதல் மரத்தடியில் நின்று, "ஏ புள்ளே!" என்று கூப்பிடுவாள். அம்மா, "இருக்கேன்க்கா!" என்பாள். பிறகுதான் உளியை எடுப்பார்கள். அம்மா அந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஒரு நாள் பெரியம்மா நாலைந்து மரம் வெட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா ஓடிப் போவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் லயத்தில் வாய்கள் திறந்துகொண்டன. அந்த மரத்தடியில் மல்லிகை வாசம் வருகிறதாம். அதைச் சொன்னவளுக்கு எப்போதும் சளி, கருவாட்டு வாசமே தெரியாது. ஆனாலும் எல்லோரும் நம்பினார்கள். பெரியம்மாவின் நிரையை அவள் மகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வீட்டிலும் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

அம்மா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலி வாளியோடு வந்தாள். தலைசுற்றல் என்றாள். மறுநாளும் முதல் மரத்தடி வரை போய், உளியை வைக்காமலே திரும்பி வந்து, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அன்று சாயங்காலம் தண்டல், அதுதான் எங்கள் மேற்பார்வைக்காரர், வீட்டுக்கே வந்தார். கெட்டவரில்லை, சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

"இந்தா பாரும்மா, மரத்த சும்மா வுட முடியாது. திங்கக்கெழமையும் வெட்டலன்னா நெரைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. வேலை செய்ற ஆள் இல்லாத குடும்பத்த லயத்துல வச்சிருக்க மாட்டாங்க, ஒனக்குத் தெரியாதது இல்ல."

அவர் போன பிறகு அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கு முடியலன்னா நீதான் வெட்டணும். பள்ளிக்கூடம் போதும்."

பள்ளிக்கூடத்தை விடுவதைவிட, அம்மா அதை இவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது. எங்கள் அம்மா எதையும் மெதுவாகச் சொல்கிற ரகமில்லை.

கோயிலில் மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டாள். அத்தை மாதா கோயில் தீர்த்தத்தை ஒரு மருந்துப் புட்டியில் கொண்டுவந்து தெளித்தாள். மல்லிகை வாசக்காரி வந்து, "வீட்டுக்குள்ள பேய்ப் பொஸ்தகத்த வச்சிக்கிட்டா வேற என்னா நடக்கும்?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவள் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. புத்தகங்களை எல்லாம் வாரி விறகுக்கு அடியில் மறைத்துவைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "எங்கடி அவன்? எடுத்துட்டு வா, படி" என்றாள்.

"என்னாண்ணி, இப்பப் போயி பேய்க் கதையா?" என்று அத்தை பதறினாள்.

"படிக்கட்டும்லா. வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

நான் ஒரு கப்பல் கதையைப் படித்தேன். மாலுமிகள் ஒருவர் மிச்சமில்லாமல் கடலுக்குள் போனார்கள். பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த கதை. கல்லறைமேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, 'வாங்க, வாங்க!'

அம்மா பக்கத்தின் மேல் கையை வைத்தாள். "நில்லு. இப்பத்தான எல்லாரும் செத்தாங்க?"

"ஆமா."

"ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடியும் வந்து கூப்புடுறானே?"

"இது வேற கதைம்மா. எந்தக் கதையா இருந்தாலும் இவன்தான் மொதல்ல கூப்புடணும். கூப்புடலன்னா கதை ஆரம்பிக்காது."

அம்மா அவன் பல்லையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். பெரியம்மாவின் காரியத்தில்கூட அவள் அப்படி அழவில்லை.

"பேய் வரும்னு நான் பயப்புடலடி. வந்தா வரட்டுமே, எங்கக்காதான? மரத்தடியில போயி நின்னா, 'ஏ புள்ளே'ன்னு கூப்புடுவாங்கன்னு காது காத்துக்கிட்டே கெடக்கு. கூப்புட மாட்டாங்கன்னு தெரியும். அதத்தான் என்னால தாங்க முடியல."

அத்தை தன் முந்தானையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். நான் புத்தகத்தை மூடினேன். பேய்தான் காரணம் என்று நினைத்துக் கயிறு கட்டினோம், தீர்த்தம் தெளித்தோம். அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் உட்பட.

மறுநாள் பள்ளி விடுமுறை. கேட்காமலே அம்மாவோடு கிளம்பினேன். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரத்தில் கவிழ்த்துவைத்திருந்த, பால் பிடிக்கும் மங்குகள் அப்போதுதான் வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தன. அம்மா முதல் மரத்தடியில் வாளியை வைத்தாள். உளியைக் கையில் எடுத்தாள். அப்படியே நின்றாள். கொசுவைக்கூட விரட்டவில்லை. திரும்பிவிடுவாளோ? இன்று திரும்பினால் நிரை போயிற்று, வீடும் போயிற்று, அடுத்த வாரம் இந்த உளி என் கைக்கு வந்துவிடும்.

அப்போது பக்கத்து நிரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பெரியம்மாவின் மகள். அவளும் தன் முதல் மரத்தடியில் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறாள். உளிச் சத்தமே இல்லை. அவள் அம்மா கூப்பிட்டுப் பழகிய இடத்தில், கூப்பிட ஆள் இல்லாமல் நின்றாள்.

அம்மா தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். இத்தனை நாளும் தன் துக்கத்திலேயே கிடந்தவளுக்கு அந்தப் பெண்ணின் நினைப்பு அந்த நிமிஷத்தில்தான் வந்திருக்க வேண்டும். முகம் மாறுவதை நான் பார்த்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பிறகு பல்லை எல்லாம் காட்டி, நான் படித்துக்காட்டும் அதே கரகரத்த குரலில், காடே அதிரக் கத்தினாள்.

"வாங்க, வாங்க! பயப்படாம கிட்ட வாங்க! பேய்க் கிராணி பெரட்டு எடுக்குறாரு! யாரு யாரு வந்திருக்கா?"

எங்கோ ஒரு பறவை அலறிக்கொண்டு பறந்தது. பக்கத்து நிரையில் மூக்குறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது.

அம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள். இந்தத் தடவை கிராணியின் குரல் இல்லை. "ஏ புள்ளே! இருக்கியா இல்லியா?"

"இருக்கேன், சின்னம்மா!"

அசல் பெரியம்மாவின் குரல். அந்தப் பெண் அதுவரை சத்தமாகப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை, அதனால் அது தெரியாமலே இருந்திருக்கிறது. அம்மா மரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தாள். அதற்குள் தூரத்து நிரைகளிலிருந்தும் குரல்கள் வர ஆரம்பித்தன. "நானும் இருக்கேன்லா!" என்றாள் ஒருத்தி. "கிராணியாரே, எனக்கு அரை நாள் பேர் போட்டுச் சம்பளத்த வெட்டிறாதீங்க!" என்று கத்தினாள் இன்னொருத்தி. அது மல்லிகை வாசக்காரிதான். பக்கத்து நிரையில் உளி மரத்தில் படுகிற சத்தம் கேட்டது.

அம்மாவும் தன் உளியை மரத்தில் வைத்தாள். பட்டை சுருண்டு விழுந்தது. பால் கோட்டில் இறங்கி மங்குக்குள் சொட்டியது.

"என்னாடி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் என்னிடம், தன் பழைய குரலில். "பள்ளிக்கூடம் தொறந்ததும் இங்கிலீசு ஒழுங்காப் படி. இனிமே தெனம் இவங்களுக்கு நான்ல கதை சொல்லணும்."